பைண்டு செய்த பொன்னியின் செல்வன்

வார இதழில் வந்த தொடர்கதையின் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, வாரக் கணக்கில் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து ஒரே புத்தகமாகக் கட்டி வைப்பது இருபதாம் நூற்றாண்டில் தமிழ்க் குடும்பங்களிடையே பரவலாக இருந்த வழக்கம். அப்படிக் கட்டியதைப் ‘பைண்டு புத்தகம்’ என்பார்கள். அம்மாவோ பாட்டியோ கட்டி வைத்ததைப் பிள்ளை படித்து, அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்குக் கொடுத்து, மூன்று தலைமுறை கை மாறிய தொகுதிகள் உண்டு. இந்த வழக்கத்தில் வேறு எந்தக் கதையையும்விட அதிகம் கட்டப்பட்டதும் அதிகம் கை மாறியதும் கல்கியின் பொன்னியின் செல்வன்தான் என்று தயங்காமல் சொல்லலாம்.

வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பது தமிழருக்கு அச்சு இதழ்கள் கற்றுக்கொடுத்த பழக்கம் அல்ல. கிராமங்களில் பாரதம் படிப்பதும் இராமாயணம் படிப்பதும் அதற்கு முன்பே நடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய எழுத்துப் பதிப்புகளாக வந்த நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை ஆகியவையும் திண்ணையில் ஒருவர் இராகமிட்டுப் படிக்க ஊர் கேட்டவை. ‘பெரிய எழுத்து’ என்று அட்டையிலேயே போட்டது, விளக்கு வெளிச்சத்தில் கண்ணை இடுக்காமல் உரக்கப் படிக்க உதவும் என்பதற்காகவும்தான். கூட்டமாகக் கேட்ட இந்தப் பழக்கம் எப்படித் தனியே மௌனமாகப் படிக்கும் பழக்கமாக மாறியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்த மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. தொடர்கதைக் காலம் முழுவதும் இரண்டும் ஒரே வீட்டில் அருகருகே இருந்தன.

தமிழில் தொடர்கதை ‘விவேக சிந்தாமணி’ மாத இதழோடு வேர் பிடித்தது. பி. ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் அதில் வந்தது. அடுத்த தலைமுறையில் வை. மு. கோதைநாயகி அம்மாள் வந்தார். பள்ளிக்குப் போகாதவர், ஐந்து வயதில் மணமானவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் கதை சொல்லிச் சொல்லியே கதாசிரியர் ஆனவர். தாம் நடத்திய ‘ஜகன்மோகினி’ இதழில் பல ஆண்டுகள் தொடர்கதைகள் எழுதினார். வாயால் சொன்ன கதைக்கும் அச்சில் வந்த தொடருக்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

ஆனால் நாவல் என்றாலே முகம் சுளிக்கும் வீடுகளே அன்று அதிகம். கதைப் புத்தகம் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள், பையன்களுக்குப் படிப்பு ஏறாது என்று எழுதியவர்களும் பேசியவர்களும் ஏராளம். துப்பறியும் நாவல்களைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த தலைமுறை அது. பெற்றோர் தாமே முன்வந்து பிள்ளையின் கையில் ஒரு நீண்ட நாவலைக் கொடுக்க வேண்டுமானால் முதலில் இந்தத் தடை உடைய வேண்டியிருந்தது. அதை உடைத்தவர்களில் முதன்மையானவர் ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கி.

மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த கல்கி, எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியராக இருந்தபோதே தொடர்கதைக்கு ஒரு புதிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தார். கள்வனின் காதலி அங்கே 1937-இல் வந்தது. அதை அடுத்து வந்த தியாக பூமி, கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த திரைப்படத்தின் காட்சிப் படங்களோடு வெளியாயிற்று. 1941 ஆகஸ்டில் டி. சதாசிவத்தோடு சேர்ந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். சதாசிவத்தின் மனைவி எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற பணம் அந்த இதழுக்கு முதலாயிற்று. அதே 1941-இல் பார்த்திபன் கனவு தொடங்கியது. 1944-இல் சிவகாமியின் சபதம் வந்தது. 1950 அக்டோபரில் பொன்னியின் செல்வனின் முதல் அத்தியாயம் வெளியாயிற்று.

இவை சரித்திரக் கதைகள் என்பதுதான் வீட்டுக் கதவைத் திறந்தது. இராஜராஜன், நரசிம்மவர்மன், புலிகேசி என்ற பெயர்கள் பள்ளிப் புத்தகத்திலும் இருந்தன. நாவலைத் தடுத்த அப்பாவால் சரித்திரத்தைத் தடுக்க முடியவில்லை. கல்கியின் நடையும் அதற்கு ஏற்றது. வாக்கியங்கள் சிறியவை. வாசகரை நேரே விளித்துப் பேசுவார், கதையை நிறுத்திவிட்டு ஓர் ஊரைப் பற்றியோ ஆற்றைப் பற்றியோ சொல்வார், பிறகு விட்ட இடத்தை நினைவூட்டிவிட்டுத் தொடர்வார். கண்ணால் படிப்பவருக்கு இது சில சமயம் நீட்டலாகத் தோன்றும். காதால் கேட்பவருக்கு அப்படித் தோன்றாது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். ஓர் இதழை ஒருவர் படிக்க, படிக்கத் தெரியாத பாட்டியும் படிக்கும் வயது வராத பேரனும் கேட்டிருந்தார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே வேளையில் படித்துக் காட்டலாம், யாருக்கும் கூச்சம் வராது. கல்கியின் வெற்றியை அலசுகிறவர்கள் இந்த எளிய காரணத்தை அவ்வளவாகக் கருதுவதில்லை.

பொன்னியின் செல்வன் புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்கள் கொண்டது. அத்தியாயங்கள் 57, 53, 46, 46, 91. ஆக மொத்தம் 293. மூன்றரை ஆண்டுக்கு மேல், 1954 வரை, அது வாரம் தவறாமல் வந்தது. ஆடிப்பெருக்கன்று வீராணம் என்ற வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வந்த கதாநாயகன் வந்தியத்தேவனை ஏழு வயதில் அம்மாவின் குரலில் சந்தித்த குழந்தை, கதை முடியும்போது பத்து வயதைத் தாண்டியிருந்தது. முதல் பாகத்தைக் கேட்ட குழந்தையே கடைசிப் பாகத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தது. கதையும் பிள்ளையும் சேர்ந்து வளர்ந்த இந்த அனுபவம், ஐந்து பாகங்களையும் ஒரே நாளில் கடையில் வாங்கும் இன்றைய வாசகருக்குக் கிடைக்காதது. கதை வந்த நாட்களில் கல்கி இதழின் விற்பனை 70,000 பிரதிகளைத் தாண்டியதாகக் கணக்கு. ஒரு பிரதிக்கு எத்தனை காதுகள் என்று அந்தக் கணக்கு சொல்லாது.

இதழ் வீட்டுக்கு வந்த நாளில் யார் முதலில் படிப்பது என்பதே ஒரு வழக்கு. பெரும்பாலும் சம்பாதிப்பவருக்கு முதல் உரிமை. அவர் அலுவலகத்திலிருந்து வருவதற்குள் மற்றவர்கள் படித்து முடித்துவிட்டு, படிக்காதது போல இதழை மடித்து வைத்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாத்திரங்களை ஒழித்துப் போட்ட பெண்கள் கூடத்தில் உட்கார, எழுத்துத் தெரிந்த ஒருத்தி படிப்பாள். வாங்காத வீட்டார் வாங்கிய வீட்டுக்கு வந்து கேட்பார்கள். அந்த வாரப் பகுதியின் கடைசியில் வந்த திருப்பத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலும் கிணற்றடியிலும் பேச்சு நடக்கும். கதையில் வரும் நந்தினி யார் மகள் என்று வாரக்கணக்கில் விவாதித்த வீடுகள் உண்டு.

படங்களுக்கு இதில் பெரிய பங்கு. ஓவியர் மணியம் இந்தக் கதைக்கு வரைந்த குந்தவை, வானதி, பெரிய பழுவேட்டரையர், ஆழ்வார்க்கடியான் முகங்களே தமிழ் வாசகர் மனத்தில் நிலைத்தன. படிக்கத் தெரியாத குழந்தை முதலில் ‘படித்தது’ மணியத்தின் படங்களைத்தான். கதைக்காகக் கல்கி இலங்கைக்குப் போனபோது மணியமும் உடன் சென்றார். அநுராதபுரத்தின் சிற்பங்களையும் தமிழ்நாட்டுக் கோயில்களையும் நேரில் கண்டு வரைந்ததால் தூணும் நகையும் உடையும் அந்தக் காலத்துச் சாயலோடு அமைந்தன. பின்னாளில் இதே கதை கல்கியில் மீண்டும் மீண்டும் வெளிவந்தபோது வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். எந்தத் தலைமுறை யார் படத்தோடு படித்ததோ அந்த முகமே அவர்களுக்கு வந்தியத்தேவன். தாயும் மகளும் ஒரே பாத்திரத்தை வேறு வேறு முகத்தில் நினைவு வைத்திருப்பது இதனால்தான்.

இனி கட்டும் வேலை. பார்க்க எளிதாகத் தோன்றும், ஆனால் பொறுமை வேண்டியது. அன்றைய வார இதழ்கள் நடுவில் கம்பி அடித்தவை. கம்பியைக் கழற்றினால் வருவது இரட்டைத் தாள். அதன் ஒரு பாதியில் தொடர்கதை இருக்கும், மறு பாதியில் வேறு ஏதோ கட்டுரையோ விளம்பரமோ இருக்கும். ஆகவே மடிப்பில் அறுத்து ஒற்றைத் தாளாக்க வேண்டும். ஒற்றைத் தாள்களை மடிப்போடு தைக்க முடியாது. அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, மேலிருந்து கீழாகத் தைக்க வேண்டும். இப்படித் தைத்தால் உள் ஓரம் தையலுக்குள் போய்விடும், வரியின் முதல் எழுத்தைப் புத்தகத்தைப் பிளந்து பார்த்தால்தான் படிக்கலாம். பிறகு பைண்டர் மற்ற மூன்று ஓரங்களையும் வெட்டுவார். கை கொஞ்சம் தவறினால் வரியின் கடைசி எழுத்தும் போகும். முதுகுக்குக் காலிகோ துணி, மூலைகளுக்கு முக்கோணத் துண்டு, மேலே கனத்த அட்டை, பூச்சி வராமலிருக்கத் துத்தம் கலந்த மாவுப் பசை. வசதியுள்ளவர்கள் முதுகில் கதையின் பெயரையும் தங்கள் பெயரின் முதலெழுத்தையும் பொன்னிறத்தில் அச்சடிக்கச் சொல்வார்கள். வசதி இல்லாத வீடுகளில் சாக்கு ஊசியும் சணலும் பழைய நாட்காட்டி அட்டையும் போதும்.

மூன்றரை ஆண்டுத் தொடரில் ஓரிரு வாரமாவது விட்டுப்போகாத வீடு இல்லை. அஞ்சலில் தொலைந்திருக்கும், இரவல் போய்த் திரும்பாமல் இருக்கும், குழந்தை கிழித்திருக்கும். விட்டுப்போன அத்தியாயத்தைத் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் கையால் எழுதிச் சேர்த்துக் கட்டியவர்கள் உண்டு. பெரும்பாலும் இந்த வேலை வீட்டுப் பெண்ணுடையது, அல்லது நல்ல கையெழுத்து உள்ள பள்ளிப் பிள்ளையுடையது. அச்சுப் பக்கங்களுக்கு நடுவே நீல மையில் ஓர் அத்தியாயம் வரும் அந்தத் தொகுதியைப் பேரப்பிள்ளை படிக்கும்போது, பாட்டியின் கையெழுத்தையும் சேர்த்துப் படிக்கிறது.

கட்டி முடித்தபின்தான் அடுத்த தலைமுறையின் முறை. பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் பல வீடுகளில் ஒரு வரிசை இருந்தது. ஐந்தாறு வயதில் கதையை வாயால் சொல்லிவிடுவார்கள், வந்தியத்தேவன் தப்பிக்கும் இடங்கள் மட்டும் சோற்று உருண்டையோடு உள்ளே போகும். எழுதப் படிக்கத் தொடங்கியதும் அம்புலிமாமா. 1947 முதல் வந்த அந்த இதழின் வேதாளக் கதைகள்தான் பலருக்கு முதல் வாசிப்பு. பிறகு வாண்டுமாமாவின் கதைகள், கோகுலம் இதழ். பத்து வயதை ஒட்டிப் பார்த்திபன் கனவு, அது அளவில் சிறியது. அடுத்தது சிவகாமியின் சபதம், அதன் துயர முடிவுக்குக் கொஞ்சம் வயது வேண்டும். கடைசியில் பொன்னியின் செல்வன். கோடை விடுமுறையில் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொரு தொகுதியாகக் கொடுப்பார்கள். சாண்டில்யனின் கடல் புறாவும் யவன ராணியும் அதே பரணில் இருக்கும். அவற்றின் சிருங்கார வருணனைகளை எண்ணி அவற்றை மட்டும் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைத்தார்கள். பிள்ளைகள் எட்டி எடுத்தார்கள் என்பதும் தெரிந்த கதைதான்.

கதை படித்த பிள்ளை கேட்கும் முதல் கேள்வி, இதெல்லாம் உண்மையா என்பது. பெற்றோரைக் கல்வெட்டு வரை இழுத்துச் சென்ற கேள்வி அது. தஞ்சைக் கல்வெட்டு ஒன்று குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்கள் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளன. நந்தினியும் பூங்குழலியும் கற்பனை. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையும் சதாசிவ பண்டாரத்தாரின் நூலையும் கல்கி கவனமாகப் படித்திருந்தார். வீராணம் ஏரி, பழையாறை, கொடும்பாளூர், கோடிக்கரை என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். வானதி, பூங்குழலி, அருள்மொழி என்று குழந்தைகளுக்குப் பெயர் வைத்தவர்களும் பலர். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் கல்கியில் வந்தபோது அரவிந்தனும் பூரணியும் இதேபோல் வீடுகளில் பிறந்தார்கள்.

கல்கியின் கதைகள் மட்டுமே கட்டப்பட்டன என்று எண்ணிவிடக் கூடாது. தேவனின் துப்பறியும் சாம்பு, கோபுலுவின் படங்களோடு விகடனில் வந்த கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள், அகிலனின் பாவை விளக்கு, லக்ஷ்மியின் குடும்பக் கதைகள் என்று பைண்டர் கடையில் எப்போதும் வேலை இருந்தது.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குக் கதை போவது கல்கியின் வீட்டிலேயே நடந்தது. 1954 டிசம்பர் 5-ஆம் நாள் அவர் காலமானபோது அமர தாரா என்ற தொடர் பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். மகன் கி. ராஜேந்திரன் இதழின் ஆசிரியரானார், அவருக்குப் பின் அவருடைய மகள் சீதா ரவி. மணியத்தின் மகன் லோகநாதன் மணியம் செல்வன் என்ற பெயரில் ஓவியரானார். எழுத்தாளர் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ என்று பொன்னியின் செல்வன் கதையையே தொடர்ந்து எழுதினார். முடிவு சட்டென்று வந்துவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட்டதும், அவர்களுக்குக் கல்கி முடிவுரையில் பதில் சொல்ல நேர்ந்ததும் அந்தத் தொடர்ச்சிக்கு வழி செய்திருக்க வேண்டும்.

கட்டும் வழக்கம் மெல்லத்தான் மறைந்தது. வானதி பதிப்பகத்தின் தொகுதிகள் நூலகங்களுக்கும் வாடகை நூல் நிலையங்களுக்கும் போயின. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தால் பெருகிய பொது நூலகங்களில் கல்கியின் அலமாரி பெரும்பாலும் காலியாகவே இருந்தது, எல்லாம் இரவல் போயிருக்கும். 1975-இல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. தொண்ணூறுகளில் தனியார் அலைவரிசைகள் பெருகியபோது மதிய நேரக் கூடத்தை அவை எடுத்துக்கொண்டன. படித்துக் காட்டியவர் குரலின் இடத்தில் நெடுந்தொடர் வந்தது. கல்கி நூற்றாண்டை ஒட்டி அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆனதும் மலிவுப் பதிப்புகள் குவிந்தன. ஐந்து பாகமும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது யாரும் பக்கம் கிழித்துத் தைக்கப்போவதில்லை. கல்கி இதழின் அச்சுப் பதிப்பே 2020-இல் நின்றது.

படித்துக் காட்டும் வழக்கத்துக்கு மட்டும் வேறு உருவங்கள் கிடைத்தன. மதுரைத் திட்டம் கல்கியின் நாவல்களை இணையத்தில் ஏற்றியதால், தமிழ்ப் புத்தகக் கடையே இல்லாத நாடுகளில் வாழும் பெற்றோருக்கும் அவை கிடைத்தன. பாம்பே கண்ணன் குழுவினர் முழு நாவலையும் ஒலிப்புத்தகமாக்கினார்கள். தமிழ் பேசவும் கேட்கவும் மட்டுமே தெரிந்த பிள்ளைகளோடு நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் அதைப் போட்டுக் கேட்பவர்கள் உண்டு. 1951-இல் எழுத்துத் தெரியாத பாட்டி கூடத்தில் எப்படிக் கேட்டாளோ, எழுத்துத் தெரியாத பேரன் இன்று அப்படியே கேட்கிறான். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்தபோது, படத்தில் விட்டுப்போனதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்தவர்கள் முன்பே கதையைக் கேட்டு வளர்ந்த பெற்றோர்தான்.

எஞ்சிய பைண்டு புத்தகங்களின் நிலை கவலைக்குரியது. வார இதழ்த் தாள் மரக்கூழில் செய்தது, அமிலத்தன்மை கொண்டது. ஆண்டுகள் போகப் போகப் பழுப்பேறி, திருப்பும்போதே ஓரம் உதிரும். ஆனால் புத்தகப் பதிப்புகளில் இல்லாதது அவற்றில்தான் இருக்கிறது: முதலில் வெளிவந்த அளவிலேயே மணியத்தின் படங்கள், பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த துணுக்குகள், அன்றைய சோப்பு, தைல விளம்பரங்கள், ஓரத்தில் பென்சிலால் எழுதிய தேதிகள், முதல் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்தவற்றைக் கொண்டு 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகம், இப்படி வீடுகளில் கிடந்த தாள்கள் எவ்வளவு பெரிய ஆவணம் என்பதைக் காட்டியிருக்கிறது. பரணில் பைண்டு புத்தகம் வைத்திருப்பவர்கள் வீடு மாற்றும்போது அதை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். வீட்டில் படிக்கப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் அருகிலுள்ள நல்ல நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.